சீட்டில் இல்லாத பிள்ளைகள்

(களமருதூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்த அறக்கட்டளையை வைத்திருப்பவர்கள் இங்கே படித்து வெளியூர் போய் வேலை பார்ப்பவர்கள். தங்கள் ஆசிரியர் நினைவாக ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவு நடத்துகிறார்கள். கல்வி பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் எடுத்துக்கொண்டதும் கல்விதான். வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்தும் வாரத்தில் பாதி நாள் வகுப்பில் இல்லாத பிள்ளைகளைப் பற்றிப் பேசப் போகிறேன். காய்ச்சல் என்று சொல்லிவிடுவார்கள், பாட்டி செத்துப்போய்விட்டதாகக்கூடச் சொல்வார்கள். உண்மையான காரணத்தை மட்டும் சொல்ல மாட்டார்கள். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ மனநோய் இருக்கிற வீட்டுப் பிள்ளைகள் அவர்கள்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாய், அவர்கள் பெயரில் 5 லட்ச ரூபாய் வைப்புத்தொகை, ஒருவரை இழந்த பிள்ளைகளுக்கு 3 லட்சம், படிப்புச் செலவு என்று அரசு அறிவித்தது. வேண்டிய உதவிதான், குறை சொல்லவில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்கிறேன். அந்தச் சாவுகளுக்கு முந்தைய மாதம், குடிக்கு அடிமையான தகப்பனோடு ஒரே கூரையின் கீழ் இருந்த பிள்ளையின் பெயர் எந்த அலுவலகத்துக் கோப்பில் இருந்தது? மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மனநோய்க்குச் சொல்லும் விளக்கத்திலேயே மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனநிலைகளைச் சேர்த்திருக்கிறது. ஆகவே சட்டப்படி அந்தத் தகப்பன் அப்போதே நோயாளி, அந்தப் பிள்ளை அப்போதே நோயாளி வீட்டுப் பிள்ளை. ஆனால் இறப்புச் சான்றிதழ் வந்த பிறகே அது நம் கண்ணில் பட்டது.

செத்துப்போன பெற்றோரின் பிள்ளையை நமக்குத் தெரியும். உயிரோடு இருந்தும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முடியாமல் போன பெற்றோரின் பிள்ளையை நமக்குத் தெரியவில்லை. இன்றைக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதன் விளக்கம்.

குடியை இதோடு விட்டுவிடுகிறேன். அதைப் பேச மேடைகள் நிறைய உண்டு. மனச்சிதைவு, இருதுருவ மனநோய், கடுமையான மனச்சோர்வு, பிரசவத்துக்குப் பின் வரும் மனநோய் இவற்றைப் பேசத்தான் மேடை இல்லை. 2015–16இல் பெங்களூரு நிமான்ஸ் நிறுவனம் நடத்திய தேசிய மனநல ஆய்வில் தமிழ்நாடும் ஒரு மாநிலம். வயது வந்தவர்களில் ஏறத்தாழ 100க்கு 10 பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகவும், அவர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் சிகிச்சைக்கு வெளியே இருப்பதாகவும் அந்த ஆய்வு சொன்னது. நோயாளிகளை எண்ணினார்கள். அவர்களை ‘அம்மா’ என்றும் ‘அப்பா’ என்றும் கூப்பிடுகிறவர்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை.

வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பெண் பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு மனச்சிதைவு. அப்பா கரும்பு வெட்டவோ செங்கல் சூளைக்கோ போயிருக்கிறார். மாதத்துக்கு ஒருமுறை வந்தால் உண்டு. காலையில் அம்மா எழுந்தாரா, முகம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதுதான் அந்தப் பிள்ளையின் முதல் வேலை. அம்மா தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தால் இன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. ரேஷன் கடைக்கு அதுதான் போகும். தம்பிக்குக் கஞ்சி வைப்பதும் அதுதான். அடுப்பில் வைத்ததை அம்மா மறந்துவிடுவார் என்பதால் தீப்பெட்டியை ஒளித்து வைக்கும். மாத்திரையை எண்ணிப் பார்க்கும். குறையாவிட்டால் அம்மா விழுங்கவில்லை என்று அதற்குத் தெரியும். பக்கத்து வீட்டார் எங்களுக்கு மருந்து வைத்துவிட்டார்கள் என்று அம்மா தெருவில் நின்று கத்தும்போது, கையைப் பிடித்து உள்ளே இழுத்து வருவதும் அதுதான். ஒரு செவிலியரின் வேலை, ஒரு காவலாளியின் வேலை, ஒரு குடும்பத் தலைவியின் வேலை மூன்றையும் பத்து வயதுப் பிள்ளை செய்கிறது. ‘பொறுப்பான பொண்ணு’ என்று ஊர் பாராட்டுகிறது. அந்தப் பாராட்டு எனக்குப் பிடிக்கவில்லை.

இந்த வேலைச்சுமையைவிடக் கொடியது அந்தப் பிள்ளைக்குள் ஓடும் யோசனை. பெரும்பாலும் மூன்று யோசனைகள். நான் சேட்டை செய்ததால்தான் அம்மாவுக்கு இப்படி ஆகிவிட்டதா? பெரியவளானால் எனக்கும் இப்படி ஆகுமா? அம்மாவைக் கொண்டுபோய்விட்டால் எங்களை யார் பார்த்துக்கொள்வார்கள்? மூன்றையும் அது யாரிடமும் கேட்பதில்லை, ஏனென்றால் வீட்டில் யாரும் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. ‘அம்மாவுக்கு உடம்பு சரியில்லை’ என்ற ஒரு வாக்கியத்தோடு முடித்துவிடுகிறார்கள். காய்ச்சல் வந்தால் படுப்பார்கள், இந்த அம்மா ஏன் நள்ளிரவில் எழுந்து சுவரோடு பேசுகிறார் என்ற குழப்பம் பிள்ளைக்கு அப்படியே நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் வேறு வாக்கியம் வைத்திருக்கிறார்கள்: ‘பைத்தியக்காரி மவ.’

இரண்டாவது கேள்விக்கு மருத்துவத்தில் பதில் இருக்கிறது. மனச்சிதைவு பொதுமக்களில் ஏறத்தாழ 100க்கு ஒருவருக்கு வருகிறது. பெற்றோரில் ஒருவருக்கு அது இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு 100க்கு 10 அளவுக்கு உயர்கிறது. இதையே திருப்பிச் சொன்னால், அப்படிப்பட்ட பிள்ளைகள் நூறு பேரில் தொண்ணூறு பேருக்கு அந்த நோய் வராது. பெண் கேட்டு வருகிறவர்களிடம் ‘பரம்பரை’ என்று சொல்லி இடத்தையே கலைத்துவிடும் உறவினர்கள் இந்தத் தொண்ணூறைச் சொல்வதே இல்லை. 1966இல் லண்டன் மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டர், நோயுற்ற பெற்றோரின் பிள்ளைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதற்குப் பின் வந்த ஆய்வுகள் ஒன்றைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன: நோயின் பெயரைவிட, அந்த நோயைச் சுற்றி வீட்டில் நடக்கும் சண்டை, வறுமை, பிள்ளை தனித்து விடப்படுவது ஆகியவைதான் பிள்ளையை அதிகம் பாதிக்கின்றன. பரம்பரையை நம்மால் மாற்ற முடியாது. சுற்றி நடப்பதை மாற்றலாம்.

நம் ஊர்களில் முதலில் போகிற இடம் ஆஸ்பத்திரி இல்லை. காத்துக் கருப்பு, செய்வினை என்று மந்திரிக்கப் போவார்கள், கயிறு கட்டுவார்கள், பிறகு குணசீலம் கோயிலுக்கோ ஏர்வாடி தர்காவுக்கோ அழைத்துப் போவார்கள். அதைக் கேலி செய்ய நான் வரவில்லை. நோயாளியைக் கட்டிப்போடும் சங்கிலிதான் என் பேச்சு. 2001 ஆகஸ்ட் 6 அன்று அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. அதற்குப் பின் உச்ச நீதிமன்றம் தலையிட்டது, அப்படிப்பட்ட காப்பகங்கள் மூடப்பட்டன. 2017 சட்டத்தின் 95ஆம் பிரிவு எந்த வடிவத்திலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. தீ காப்பகத்துச் சங்கிலியை நாட்டுக்குக் காட்டிக் கொடுத்தது. வீட்டுத் திண்ணையில் கட்டிப்போட்ட தாயின் சங்கிலியைத் தினமும் பார்க்கிறவர்கள் அவருடைய பிள்ளைகள் மட்டுமே. கட்டிப்போட்டவர்கள் கொடியவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வேலைக்குப் போக வேண்டிய கணவன், ஓடிப்போய்விடுவாளே என்று பயந்த மாமியார். ஆனாலும் கட்டிப்போட்ட அம்மாவுக்குச் சோறு ஊட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு, அம்மாவைப் பற்றி நாம் என்ன சொல்லிக்கொடுத்திருக்கிறோம்?

வைத்தியம் அருகில் இருந்தால் சங்கிலி குறையும். அருகில் இருக்கிறதா? 1982இல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. மாவட்ட அளவிலான திட்டம் 1996இல் நாட்டின் நான்கு மாவட்டங்களில் தொடங்கியது, தமிழ்நாட்டில் திருச்சி. நம் கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பரில்தான் விழுப்புரத்திலிருந்து பிரிந்தது. அதுவரை இந்தப் பக்கத்து ஆட்கள் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ போவார்கள். 2022 சனவரியில் திறந்த 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் கள்ளக்குறிச்சியும் ஒன்று, தூரம் குறைந்திருக்கிறது. களமருதூர்க்காரருக்குக் குறைந்த அளவு கல்வராயன் மலைக்காரருக்குக் குறையவில்லை. வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே இருக்கிற ஒரு மலையாளிப் பழங்குடிக் குடும்பம், பேருந்துச் சாலைக்கு நடந்து வந்து, கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சி வந்து சேர்ந்து, ஓ.பி. வரிசையில் நின்று, மாத்திரை வாங்கித் திரும்ப ஒரு முழு நாள் போய்விடும். கூலி போகும், பேருந்துக் காசு போகும். பெரியவர்கள் வேலைக்குப் போய்விட்டால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருவது யார் என்று நீங்களே சொல்லுங்கள். மாத்திரை தீர்ந்து அடுத்த சீட்டுக்கு வராமல் விட்ட மூன்றாவது வாரம் அம்மா ‘மறுபடியும் அப்படி’ ஆகிவிடுவார். அந்தக் கதையில் பிள்ளையின் தேர்வும் போய்விடும்.

இங்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. மாதம் ஒரு முறையோ இரு முறையோ போடும் நீண்ட கால ஊசிகள் பல ஆண்டுகளாக இருக்கின்றன. எல்லோருக்கும் அவை பொருந்தாது. மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். பொருந்துகிற இடத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அந்த ஊசியைப் போட ஏற்பாடு செய்தால், பத்து வயதுப் பிள்ளை மாத்திரை எண்ண வேண்டியதில்லை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்தை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுத்தது. வாசலுக்கு வந்த அந்தப் பையில் மனநோய் மாத்திரையும் வர வேண்டும். மலைக்கு முதலில் வர வேண்டும்.

இனி ஆஸ்பத்திரிக்குள் போவோம். ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று சினிமாவில் சிரித்துச் சிரித்து, அந்த ஊர்ப் பெயரையே வசவாக்கிவிட்டோம். சென்னையில் 1794இல் தொடங்கி, 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறிய நிறுவனம் அது. டாக்டர் சாரதா மேனன் 1961 முதல் அங்கே கண்காணிப்பாளராக இருந்தவர். பின்னால் 1984இல் மனச்சிதைவு நோயாளிகளுக்காக ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். நோயாளியைப் போலவே குடும்பத்தையும் கவனிக்க வேண்டும் என்பது அந்த மரபு. அதற்கும் முன்பே, 1950களில் அமிர்தசரசில் டாக்டர் வித்யா சாகர், மனநல மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் போட்டு நோயாளிகளின் குடும்பத்தாரைத் தங்கவைத்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1957இல் மனநல மையம் தொடங்கியபோதே, உறவினர் ஒருவர் நோயாளியோடு தங்கியிருப்பது வழக்கமாயிற்று. மேலைநாடுகளில் குடும்பத்தை வெளியே நிறுத்தி வைத்திருந்த காலம் அது. இதில் நாம் முன்னோடிகள்.

ஆனால் நாம் குடும்பத்தை உள்ளே விட்டது ‘கூட இருக்கிறவங்க’ என்ற பெயரில். மாத்திரை கொடுக்க, ராத்திரி பார்த்துக்கொள்ள, கையெழுத்துப் போட. அந்தக் குடும்பத்துக்கும் அடி விழுந்திருக்கிறதா என்று கேட்க நாம் மறந்தோம். கூட இருப்பவர் அத்தையாகவோ மாமாவாகவோ இருப்பார். பிள்ளைகள் ஊரில் இருப்பார்கள். நோயாளிக்குப் பெயர், வயது, எத்தனை நாளாக, தூக்கம் எப்படி, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று அத்தனையும் கேட்டு எழுதும் மருத்துவர், ‘உங்களுக்குப் பிள்ளைகள் எத்தனை? இப்போது அவர்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?’ என்ற கேள்வியைக் கேட்பது அரிது. நான் பார்த்த ஓ.பி. சீட்டுகளில் அதற்கு இடமே இல்லை.

நார்வே நாட்டில் 2010 சனவரி 1 முதல் இது சட்டம். மனநோய், போதைப் பழக்கம், கடுமையான உடல்நோய் எதற்காகச் சிகிச்சைக்கு வந்தாலும், அந்த நோயாளிக்கு 18 வயதுக்குள் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று மருத்துவப் பணியாளர் கேட்டாக வேண்டும்; அந்தப் பிள்ளைகளுக்கு வேண்டிய விளக்கமும் உதவியும் கிடைக்க வழி செய்ய வேண்டும். மருத்துவமனையில் அதற்கென்றே பொறுப்பாளர்களும் உண்டு. நார்வேயின் பணம் நம்மிடம் இல்லைதான். ஒரு கேள்வி கேட்க எவ்வளவு பணம் வேண்டும்?

நம் சட்டத்திலும் ஒரு கதவு திறந்திருக்கிறது. 2017 சட்டத்தின் 21ஆம் பிரிவு, மனநல நிலையத்தில் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்கிறது. குழந்தைக்கு ஆபத்து என்று தற்காலிகமாகப் பிரித்தாலும் 15 நாளுக்கு ஒரு முறை அந்த முடிவை மறுபார்வை செய்ய வேண்டும். அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே, 2009இல், நிமான்ஸில் தாயையும் சேயையும் சேர்த்து அனுமதிக்கும் பிரிவு தொடங்கிவிட்டது. பிள்ளை பெற்ற பத்தாம் நாள் தாய் உளறினால் ‘ஜன்னி’ என்று சொல்லிக் குழந்தையைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடும் ஊர்களுக்கு இந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும். பிரசவத்துக்குப் பின் வரும் அந்த மனநோய் பெரும்பாலும் குணமாகக்கூடியது. பாலூட்டக்கூடாது என்றும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. எந்த மருந்து, எவ்வளவு என்று பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

பிரிப்பது பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. இந்த அவையில் சிலர் ஏற்காமல் போகலாம். மலையில் ஒரு வீட்டில் அம்மாவுக்கு மனநோய் என்று தெரிந்தால், உதவி செய்ய நினைக்கும் நல்லவர்கள் முதலில் சொல்வது ‘பிள்ளைகளை ஹாஸ்டலில் சேர்த்துவிடலாம்’ என்பது. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருப்பதால் அது எளிது. அங்கே மூன்று வேளைச் சோறு கிடைக்கும், பாடம் கிடைக்கும். சில வீடுகளில் அது தேவை. அடி விழுகிற வீட்டில், உயிருக்கு ஆபத்துள்ள வீட்டில் தயங்கவே கூடாது. ஆனால் பல வீடுகளில் அது நமக்குத்தான் வசதி. பிள்ளை ஹாஸ்டலில் படுத்துக்கொண்டு, ‘இந்நேரம் அம்மா சாப்பிட்டிருப்பாங்களா’ என்று நினைத்துக்கொண்டிருக்கும். அம்மாவுக்கோ, நோய் தன்னிடமிருந்து பிள்ளைகளையும் பறித்துவிட்டது என்ற எண்ணம் வரும். மருந்து சாப்பிட்டு ஓரளவு தேறும் தாய்க்கு, தேற வேண்டும் என்ற ஆசையைக் கொடுப்பதே பல சமயம் அந்தப் பிள்ளைகள்தான். வீட்டுக்கே உதவியைக் கொண்டுபோக முடியாதபோது எடுக்க வேண்டிய முடிவை நாம் முதல் முடிவாக எடுக்கிறோம்.

வீட்டுக்கு உதவி கொண்டுபோகப் பணம் உண்டா? உண்டு. மிஷன் வாத்சல்யா திட்டத்தின் கீழ் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு கிடைக்கும். பெற்றோர் உயிரோடு இருந்தும் பிள்ளையைப் பராமரிக்க இயலாத நிலையில் இருந்தால் அதற்கும் அந்தத் திட்டத்தில் இடம் இருக்கிறது. கிராமப்புறக் குடும்பத்துக்கு ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாய். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும்; குழந்தைகள் நலக் குழு பார்க்கும். மாநில அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டத்தில், இரு பெற்றோரையும் இழந்த பிள்ளைகளோடு, ஒருவரை இழந்து மற்றவரால் வளர்க்க இயலாத பிள்ளைகளுக்கும் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் கிடைக்கும். 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கும் 21 வகை மாற்றுத்திறன்களில் மனநோயும் ஒன்று.

இந்த உதவிகளைக் கேட்கும்போது சிக்கல் எங்கே என்றால், நோயைக் காட்டும் சான்றிதழில். செத்தவருக்குச் சான்றிதழ் வாங்குவது எளிது, அவர் எதிர்த்துப் பேச மாட்டார். தனக்கு நோயே இல்லை என்று சொல்லும் ஒரு தாயை, மாற்றுத்திறன் சான்றிதழுக்காக ஒரு மருத்துவர் முன் உட்காரவைக்கப் பிள்ளையால் முடியுமா? கணவனாலேயே முடிவதில்லை. ‘மனநோயாளி’ என்று எழுதின காகிதம் வீட்டில் இருந்தால் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகாது என்ற பயம் வேறு. அதனால் உரிமை உள்ள குடும்பம் விண்ணப்பிப்பதே இல்லை. கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுவுக்கு ஊராட்சித் தலைவர்தான் தலைவர். சிகிச்சைச் சீட்டையும், தலைமையாசிரியரின் கடிதத்தையும், அந்தக் குழுவின் பரிந்துரையையும் வைத்தே தொடக்க விசாரணையை நடத்தலாம் என்று மாவட்ட நிர்வாகம் ஓர் அறிவுறுத்தல் கொடுத்தால் போதும், பாதி வழி கடந்துவிடும்.

ஆசிரியர்களுக்கு வருகிறேன். 2022இல் தொடங்கி, 2023இல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த காலை உணவுத் திட்டம் இந்தப் பிள்ளைகளுக்கு என்ன செய்திருக்கிறது என்று யாரும் தனியாகப் பேசவில்லை. அம்மா எழுந்திருக்க முடியாத நாளில் பிள்ளை பட்டினியாக வகுப்பில் உட்காராது. பெரிய விஷயம் அது. ஐந்தாம் வகுப்போடு அது நின்றுவிடுகிறது. வீட்டு வேலை கூடுவது அதற்குப் பிறகுதான்.

பிள்ளையிடம் என்ன பேசுவது என்று ஆசிரியர்கள் கேட்கிறார்கள். துருவித் துருவிக் கேட்க வேண்டாம். எல்லார் முன்னாலும் கேட்கவே வேண்டாம். தனியாக, இப்படிச் சொல்லலாம்: ‘அம்மாவுக்கு மூளையில ஒரு நோய். சர்க்கரை மாதிரி அதுக்கும் பேர் இருக்கு, மருந்து இருக்கு. நீ ஏதோ செஞ்சதால அது வரல. நீ சொன்னா போயிடாது, சொல்லலன்னா வராமலும் இருக்காது. அம்மா திட்டினா அது பல நேரம் நோய் பேசறது. உனக்குப் பயமா இருந்தா ராத்திரியானாலும் இந்த வீட்டுக்கு வா.’ கடைசி வாக்கியம் வெறும் ஆறுதலாக இருக்கக் கூடாது. ஊரில் உண்மையாகவே ஒரு வீடு இருக்க வேண்டும். அத்தை வீடாகவோ, சத்துணவு அமைப்பாளர் வீடாகவோ இருக்கலாம். அம்மா நன்றாக இருக்கும் ஒரு நாளில் அவரையே கேட்டு முடிவு செய்யுங்கள்: உங்களுக்கு முடியாமல் போனால் பிள்ளை யாரிடம் போகட்டும்? நோயுள்ள தாய்க்கும் தன் பிள்ளையைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை உண்டு. அவர் நன்றாக இருக்கும் நாட்கள், இருக்க முடியாத நாட்களைவிட அதிகம்.

இந்த அவையிடம் மூன்று வேண்டுகோள்கள். மாவட்ட மனநலக் குழுவினர் வந்திருக்கிறீர்கள்: உங்கள் ஓ.பி. சீட்டில் பிள்ளைகளின் எண்ணிக்கை, வயது, இப்போது பார்த்துக்கொள்பவர் என்று ஒரு வரி சேருங்கள். மலைக்குப் போகும் முகாமிலிருந்து தொடங்குங்கள். தலைமையாசிரியர்களே: தொடர்ந்து வராத பிள்ளையின் பெயருக்கு நேரே ‘நீண்ட நாள் வருகை இல்லை’ என்று எழுதுவதற்கு முன் ஒரு தடவை வீட்டுக்குப் போய் வாருங்கள், தேவையென்றால் குழந்தைகளுக்கான 1098, மனநலத்துக்கான 14416 இரண்டையும் அழையுங்கள், இரண்டுக்கும் கட்டணம் இல்லை. அறக்கட்டளை நண்பர்களே: அடுத்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு ஆகும் செலவில் ஒரு பகுதியை எடுத்து, இந்த வட்டாரத்தில் வாத்சல்யா நிதிக்குத் தகுதியிருந்தும் விண்ணப்பிக்காத குடும்பங்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, கூடவே அலுவலகம் வரை போய் வர ஓர் ஆளை நியமியுங்கள். அடுத்த ஆண்டு பேச்சாளர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.